பன்னிரண்டு கயிறும் ஒரு நாற்காலியும்

மேடை ஏறிய யாராவது 'ஒற்றுமை' என்று ஆரம்பித்தால், வாசற்படி எந்தப் பக்கம் என்று நான் முதலில் பார்த்து வைத்துக்கொள்வேன். ஒற்றுமை மேல் எனக்கு விரோதம் கிடையாது. மனைவியோடும் பக்கத்து வீட்டுக்காரரோடும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறேன். குறைந்தபட்சம் பக்கத்து வீட்டுக்காரரோடு. ஆனால் பண்டிகைக்குப் பண்டிகை கமிட்டி போட்டு அதை வளர்க்கக் கிளம்புகிறவர்களைக் கண்டால் ரத்தம் கொதிக்கிறது. இந்த வயதில் கொதிக்கக் கூடாது என்கிறார் டாக்டர். அவர் அந்தத் தீபாவளிக்குப் பினாங்கில் இல்லை.

அப்போது நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். படித்த புத்தகங்களை வைத்துக்கொண்டு உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் திருத்துவதற்கு உலகம் கிடைக்கவில்லை. டிராம் ஏறி நடன சாலைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

'நடன சாலை' என்பது போர்டில் இருந்த பெயர். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மரைக்காயருடைய மசாலாச் சாமான் கடைக்கு மேல்மாடி அது. முன்பு மூட்டை அடுக்கிய இடம். மூட்டை தூக்குகிற பெரிய இரும்பு வளையம் உத்தரத்தில் அப்படியே இருந்தது. கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே ஆடுகிற பெண்கள் தாளம் தவறாமல் தும்முவார்கள்.

சாலையை நடத்தியவர் நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு டீச்சர். பகலில் தமிழ்ப் பள்ளிக்கூடம், மாலையில் கோலாட்டம். கணவர் தையற்கடைக்காரர், பேச வேண்டியதையெல்லாம் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவர். டீச்சர் குள்ளம். கையில் எப்போதும் ஒரு ஜோடி ஜால்ரா. பாட்டுக்கும் அதுதான், எங்களைத் திட்டுவதற்கும் அதுதான்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் விசேஷமானது பின்னல் கோலாட்டம். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே வளையத்திலிருந்து பன்னிரண்டு நிறங்களில் பன்னிரண்டு கயிறுகள் தொங்கும். வட்டமாக நிற்கும் பன்னிரண்டு பெண்களுக்கு இடது கையில் ஆளுக்கொரு கயிறு, வலது கையில் கோல். ஆறு பேர் இந்தப் பக்கம் போவார்கள், ஆறு பேர் எதிரே வருவார்கள். ஒருத்தியை உள்பக்கமாகக் கடந்தால் அடுத்தவளை வெளிப்பக்கமாகக் கடக்க வேண்டும். ஆட ஆட, கயிறுகள் மேலே சடை மாதிரிப் பின்னிக்கொண்டு இறங்கும். கயிறு குறையக் குறைய வட்டமும் சுருங்கி, கடைசியில் எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு வந்த வழியே திரும்பி ஆடிப் பின்னலைப் பிரிக்க வேண்டும்.

நடுவில் ஒருத்தி கயிற்றை விட்டால் தீர்ந்தது. மேலே சிக்கு விழுந்துவிடும். ஆள் ஏணி போட்டு ஏறித்தான் அவிழ்க்க வேண்டும். அதனால் டீச்சருக்கு ஒரே ஒரு சட்டம்: பின்னலைப் பிரித்து முடிக்கும்வரை கயிற்றை யாரும் விடக் கூடாது. தும்மல் வந்தாலும் சரி, துக்கம் வந்தாலும் சரி.

இப்படிச் சிவனே என்று நடந்துகொண்டிருந்த இடத்துக்குள்தான் ஒற்றுமை வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் எங்கள் தலைவர். துறைமுகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர். மாடி வாடகையில் பாதியை அவர் கட்டிவந்ததால் அவரே தலைவரும் ஆனார். தீபாவளி விடுமுறைக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு துரையை அழைத்து, பினாங்குத் தமிழர்கள் எல்லோரும் ஒன்று என்று காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. பன்னிரண்டு கயிறு, பன்னிரண்டு கூட்டத்தார். செட்டியார் கடைக் கணக்கர்கள் சார்பில் ஒரு பெண், யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர் வீட்டிலிருந்து ஒரு பெண், பொற்கொல்லர், நாவிதர், துறைமுகத்துக் கங்காணிமார் என்று ஆளுக்கொரு கயிறு. இதற்குப் பெயர் 'ஒற்றுமைக் கோலாட்டம்'. அதற்கு ஒரு கமிட்டி. அதற்கு நான் காரியதரிசி; இங்கிலீஷில் அழைப்பிதழ் எழுதுகிறவன் வேறு யாரும் அகப்படவில்லை.

கமிட்டி மூன்று முறை கூடியது. மூன்று முறையும் யாருக்கு எந்த நிறக் கயிறு என்பதற்காகவே சண்டை. மஞ்சள் மங்களமானது என்று ஐந்து கூட்டத்தார் கேட்டார்கள். கறுப்பை யாரும் கேட்கவில்லை. கறுப்பை வாங்கியே வந்திருக்க வேண்டாமே என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள். முடிவில் மஞ்சள் பொற்கொல்லருக்குப் போனது. கறுப்பு நாவிதர் வீட்டுப் பெண்ணுக்கு. நாவிதர் எழுந்து, "ஏன் எங்களுக்குன்னா கறுப்பா?" என்று கேட்டார். "முடி கறுப்புத்தானே" என்றார் தலைவர், ரொம்ப சமாதானமாக. இதுதான் ஒற்றுமையின் மூன்றாவது கூட்டம். மற்ற இரண்டையும் சொல்லி உங்கள் பண்டிகையைக் கெடுக்க விருப்பமில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், மஞ்சள் கயிறு பிடித்த பொற்கொல்லர் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். மிச்சம் பதினொரு பேர். பதினொரு கயிற்றில் பின்னல் விழாது. இந்தப் பக்கம் போகிறவர்களும் எதிரே வருகிறவர்களும் சரிசமமாக இருக்க வேண்டும். ஆள் கிடைக்கும்வரை ஒத்திகை நிற்கக் கூடாது என்பதற்காக டீச்சர் என்னைப் பார்த்தார்.

"கிராணியாரே, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. கயித்தப் பிடிங்க."

பிடித்தேன். ஒருத்தியை உள்ளே, அடுத்தவளை வெளியே. கேட்பதற்கு எளிது. ஆடுகிறபோது எல்லோரும் ஒரே நேரத்தில் என் மேல் வந்தார்கள். வந்த வழியே திரும்பிப் போவது எப்போதுமே என் சுபாவத்தில் இல்லை. அன்று விழுந்த முடிச்சை அவிழ்க்க மரைக்காயர் கடையிலிருந்து இரண்டு பேர் ஏணியில் ஏறினார்கள். நான் கீழே கயிறும் கையுமாக, ஒரு பெண்ணின் பின்னலுக்கும் இன்னொருத்தியின் கோலுக்கும் நடுவில் அசையாமல் நின்றேன். சத்தம் கேட்டு மரைக்காயரே மேலே வந்துவிட்டார்.

"தம்பி, இந்த வளையத்துல முப்பது வருசமா மூட்டை தூக்கியிருக்கேன். ஒரு மூட்டைகூட இப்படி மாட்டினதில்ல லா" என்றார், மலாய்க்காரர் மாதிரி 'லா' போட்டு.

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சந்தில் நின்றுவிட்டார். முனிசிபல் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் ஒரு தாயும் மகளும்தான் அந்தச் சந்தையும் பக்கத்துத் தெருவையும் கூட்டுகிறவர்கள். மகளுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். நாலாம் வகுப்புவரை டீச்சரிடம் படித்தவள். பிறகு அவள் கையில் துடைப்பம் வந்துவிட்டது.

"ஏ பொண்ணே, பள்ளிக்கூடத்துல கும்மிக்கு முதல்ல நிப்பியே, இன்னும் கால் வருமா?"

"வரும் டீச்சர்."

"சாயங்காலம் குளிச்சிட்டு மேல வா."

வந்தாள். இரண்டு சுற்று பார்த்தாள். மூன்றாவது சுற்றில் மஞ்சள் கயிற்றைப் பிடித்து ஆடினாள். ஒரு முடிச்சு விழவில்லை. ஒத்திகை பார்க்க வந்திருந்த தாய்மார்களில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி வாய்விட்டே முணுமுணுத்தாள். டீச்சர் ஜால்ராவை நிறுத்தினார்.

"கயிறு பிடிக்கத் தெரிஞ்சவ இவதான். வேண்டாம்னா சொல்லுங்க, கிராணியாரையே வச்சுக்கிறேன்."

தாய்மார்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். எதிர்ப்பு அடங்கிவிட்டது. சீர்திருத்தத்துக்கு நான் செய்த தொண்டு அது ஒன்றுதான்; அதையும் ஆடித்தான் செய்தேன்.

தலைவருக்கு இது தெரியாது. பெரிய மனிதர்கள் ஒத்திகைக்கு வருவதில்லை. அவருடைய மகளும் ஆடினாள். பதினாலு வயது, பச்சைக் கயிறு. அந்தப் பெண் அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. மஞ்சள் கயிற்று அக்கா கோலை வலிக்காமல் தட்டுவாள் என்பதற்காகவே தலைவர் மகளுக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது.

தீபாவளிக்கு முதல் நாள் கல்யாணச் சாமான் கடையிலிருந்து நாற்காலிகளை வரவழைத்து வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் கயிற்றுப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு நாற்காலி முதுகை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஐயா, நாளைக்கு எங்கம்மா வந்து பாக்கலாமா?"

"தாராளமா."

"கீழ நின்னு இல்ல ஐயா. அஞ்சடியில நின்னா சத்தம்தான் கேக்கும், ஆட்டம் தெரியாது. இங்க மேல. உக்காந்து."

கடைகளுக்கு முன்னால் ஓடுகிற அந்த அஞ்சடிப் பாதையைத்தான் அவள் தாய் தினமும் காலையில் கூட்டினாள். அவள் மகள் மேலே தலைக்கு நேராகப் ஒரு வாரமாக ஆடுகிறாள், இவள் கீழே நின்று கூரைப் பலகையைப் பார்த்துக் கேட்க வேண்டும். நாற்காலி என்பது உட்காருவதற்காகச் செய்த சாமான், வரச்சொல் என்றேன். ரொம்பத் தைரியமாகச் சொன்னேன். அப்போது பக்கத்தில் தலைவர் இல்லை.

தீபாவளியன்று மாலை நாலு மணிக்கு மாடி நிறைந்துவிட்டது. அந்த அம்மாள் வந்தாள். நீலப் புடவை, கடையில் மடித்த மடிப்பு இன்னும் குலையவில்லை. தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தாள். முன்னால் வாங்க என்று எவ்வளவோ சொல்லியும் கடைசி வரிசையில், மாடிப்படியை ஒட்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்து நாற்காலிக் கையில் படாமல் சொருகிக்கொண்டாள்.

தலைவரும் துரையும் வரத் தாமதம். குழந்தைகள் அழ ஆரம்பித்ததால் டீச்சர் காத்திருக்காமல் தொடங்கிவிட்டார். ஆர்மோனியம், மிருதங்கம், அவருடைய ஜால்ரா, அவருடைய குரல். பின்னல் இறங்கத் தொடங்கியது. நான் மகளைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரே ஒரு கயிற்றைப் பார்த்தாள். மஞ்சள் உள்ளே போனால் அவள் தலை ஒருபக்கம் சாயும். வெளியே வந்தால் இன்னொரு பக்கம்.

பாதிப் பின்னல் விழுந்திருக்கும்; படியில் பூட்ஸ் சத்தம். துரையும் துரைசாணியும் முன்னால், மாலையும் கையுமாகத் தலைவர் பின்னால். விருந்தாளிகளை முன்வரிசைக்கு அனுப்பிவிட்டு அவர் திரும்பியபோது கண்ணில் முதலில் பட்டது படியை ஒட்டிய நாற்காலி. தினமும் காலையில் அவர் வீட்டு வாசலைக் கூட்டுகிற முகம். தெரியாமல் இருக்குமா?

"நீ எங்க இங்க?" குரல் தணிவுதான். "எழுந்திரு. துரை வந்திருக்கார். கீழ போய் நில்லு."

அவள் எழுந்துவிட்டாள். 'ஏன்' என்று கேட்கவில்லை. எழுந்த வேகத்தைச் சொல்ல வேண்டும்: அவர் வாயைத் திறக்கும்போதே பாதி எழுந்திருந்தாள். உட்கார்ந்த நேரம் முழுக்க இந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவள் மாதிரி. சுவரோரமாகப் படிப்பக்கம் நகர்ந்தாள்.

"அம்மா! உக்காரு!"

மஞ்சள் கயிறு. அந்தப் பெண் அதுவரை அந்த மாடியில் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. கால் நிற்கவில்லை, கோல் தவறவில்லை. சுற்றிப் போய்க்கொண்டே கத்தினாள். தாய் படிக்குப் போகாமல் நின்றுவிட்டாள். உட்காரவும் இல்லை.

தலைவர் குரல் வந்த திசையைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். இரண்டும் இரண்டும் நாலு என்பது அவர் முகத்தில் மெல்ல எழுதப்பட்டது. நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு டீச்சரிடம் போனார். நான் மிருதங்கக்காரருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன், எல்லாம் கேட்டது.

"இவளை யாரு சேத்தது?"

"நான்தான்" என்றார் டீச்சர். பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவில்.

"மானம் போகுது. வெளிய அனுப்புங்க."

"பின்னல் பாதியில இருக்கு தலைவரே. இவ கயித்த விட்டா உங்க மக கயிறும் சேந்து சிக்கும். துரை எதிர்ல ஏணி போடச் சொல்றீங்களா?"

தலைவர் உத்தரத்தைப் பார்த்தார். பச்சையும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இறங்கிப் போயிருந்தன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, பிரிச்சிட்டு அனுப்புங்க."

"பிரிச்சிடறேன்."

பிரித்தார்கள். கடைசிப் பின்னல் அவிழ்ந்ததும் துரை கைதட்டினார். சபையும் தட்டியது. பலகார மேசைப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. தலைவர் மஞ்சள் கயிற்றை நோக்கி இரண்டு அடி வைத்தார். டீச்சர் மூச்சு விடாமல் அடுத்த பாட்டைப் பிடித்தார். ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம். புதிய பின்னல் விழத் தொடங்கியது. எழுந்தவர்கள் எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள்.

ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. அவள் சுவரோரம் நின்றாள்.

இரண்டாவது பின்னலும் முழுதாக விழுந்து, முழுதாகப் பிரிந்தது. துரை மறுபடி கைதட்டினார், கொஞ்சம் சந்தேகமாக. மூன்றாவது தொடங்கியது. பின்னாலிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்து, "காப்பி ரெண்டு தடவை சுட வச்சாச்சு, இனிமே வச்சா கஷாயம்தான்" என்றார். துரைசாணி என்னைக் கூப்பிட்டு, இது எப்போது முடியும் என்று கேட்டாள். ரொம்பத் தொன்மையான ஆட்டம் என்று சொல்லிவைத்தேன். அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

தலைவர் திரும்ப டீச்சரிடம் வந்தார். காலரை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன டீச்சர் இது?"

"அந்தம்மா நின்னுக்கிட்டிருக்காங்க. அவங்க உக்காரட்டும், முடிச்சிடறேன்."

"என்னை மிரட்டறீங்களா?"

"ஐயையோ. தாளம் போடறேன்."

என் பக்கம் பாய்ந்தார். "நீ காரியதரிசிதானே? நிறுத்தச் சொல்லு!"

"தலைவரே, பின்னல் விஷயத்துல நான் வாய் திறந்தா சபை சிரிக்கும். நான் கயிறு பிடிச்ச கதை ஊருக்கே தெரியும்" என்றேன். அது உண்மையும்கூட.

மரைக்காயர் படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "தலைவரே, நாற்காலிதான் குறையுதுன்னா என் கடை முக்காலிய அனுப்பவா?" என்று கேட்டார். அவ்வளவு பேர் கேட்கும்படி அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆகவேதான் கேட்டார்.

கடைசியில் அவரை அசைத்தது டீச்சரும் இல்லை, மரைக்காயரும் இல்லை. பச்சைக் கயிறு. மகள் அவரைக் கடந்து போகும்போது ஒரு பாதி சொன்னாள், சுற்றி வந்து மீதியைச் சொன்னாள்.

"அப்பா, கை வலிக்குதுப்பா..."

சுற்றினாள்.

"...அந்த அம்மாவ உக்காரச் சொல்லிடுங்களேன்!"

தலைவர் கடைசி வரிசைக்குப் போனார். இதை நான் அருகில் போய் நின்று பார்த்தேன், பார்க்க வேண்டும் என்றே. அவர் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, அதனிடம், "உக்காரு" என்றார்.

"பரவால்லீங்க சாமி. நிக்கிறேன்."

"உக்காருன்னு சொல்றேன்ல."

"இருக்கட்டுங்க சாமி. எனக்கு நின்னு பழக்கம்."

இப்போது அவருக்கு வேர்த்தது. உட்காராதே என்று சொல்ல இந்த உலகத்தில் அவருக்கு எவ்வளவோ ஒத்தாசை இருந்தது. உட்கார் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பின்னல் பாதி இறங்கிவிட்டது. முன்வரிசையில் துரை கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

"உக்காரும்மா" என்றார் தலைவர். "தயவு பண்ணி உக்காரு."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் சுற்றிக்கொண்டே தலையை அசைத்தாள். அவள் உட்கார்ந்தாள்.

டீச்சர் அந்தப் பின்னலைப் பிரித்தார், அவசரப்படவில்லை. கடைசிக் கயிறு விலகியதும் ஜால்ராவை ஒரு தட்டு தட்டி முடித்தார். பன்னிரண்டு பெண்களும் கயிற்றை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார்கள்.

இதோடு கதையை நிறுத்தியிருந்தால் நானும் நிம்மதியாக வயதாகியிருப்பேன். தலைவர் மேடை ஏறினார். தொங்கிய கயிறுகளை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, இந்தப் பன்னிரண்டும் எப்படி ஒன்றை ஒன்று விடாமல் பின்னிக்கொண்டன பார்த்தீர்களா, நம் சமூகமும் இப்படித்தான், உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று இங்கே யாரும் இல்லை என்றார். குரல் தழுதழுத்தது. பாசாங்கு என்று நினைக்காதீர்கள். அந்த நிமிஷத்தில் அவர் அதை நம்பினார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. சபை கைதட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த இரண்டு தாய்மாரும் தட்டினார்கள். காரியதரிசி என்ற முறையில் நான் அத்தனையையும் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலீஷில் அது இன்னும் நன்றாக இருந்தது.

பலகாரத் தட்டுகள் வந்தபோது கடைசி வரிசை நாற்காலி காலி. மகளையும் அழைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போயிருந்தாள். போகச் சொன்னவர் யாரும் இல்லை. இருக்கச் சொன்னவரும் யாரும் இல்லை.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. விழா மகத்தான வெற்றி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வருஷா வருஷம் நடத்த வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு திருத்தம்: இனிமேல் கயிறு வேண்டாம்.

"வளையம் பழசாப் போச்சு. தலையில விழுந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார் தலைவர். முப்பது வருஷம் மூட்டை தாங்கிய வளையத்துக்குத் திடீரென்று வயதாகிவிட்டது. வெறும் கோல் போதும், பின்னல் வேண்டாம் என்று தீர்மானம் ஆயிற்று.

தலைவரை நான் அதுவரை சாதாரண மனிதர் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் அவர் மூளை விளங்கியது. அந்த ஆட்டத்தில் அவருக்குப் பகை எது என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பெண்கூட இல்லை, டீச்சர்கூட இல்லை, கயிறு. ஒருத்தியை வெளியே தள்ளினால் மற்றப் பதினொரு பேரும் மாட்டிக்கொள்கிற ஏற்பாடு எதுவோ, அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தார்.

டீச்சர் கூட்டம் முடியும்வரை இருந்தார். பிறகு ஏணியை வாங்கிப் போட்டுத் தாமே ஏறி, பன்னிரண்டு கயிறுகளையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நானும் காரியதரிசி வேலையை விட்டேன். உணர்ச்சிகரமாக ஒரு ராஜினாமாவை இங்கிலீஷில் எழுதினேன். படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதை அனுப்பிய பிறகே யோசித்தேன்.

மறுவருஷம் தீபாவளியன்று, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று அந்த மாடிக்குப் போனேன். வேறு ஒரு வாத்தியார். பன்னிரண்டு பெண்கள், வெறும் கோல். நன்றாகத்தான் ஆடினார்கள். நடுவில் நாவிதர் வீட்டுப் பெண்ணை யாரோ கையைக் காட்டி வெளியே வரச் சொன்னார்கள். என்ன காரணமோ தெரியாது. அவள் விலகினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அரை அடி நகர்ந்தார்கள். வட்டம் மூடிக்கொண்டது. தாளம் தவறவில்லை, முடிச்சு விழவில்லை, சபையில் ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. போன வருஷம் பச்சைக் கயிறு பிடித்திருந்த தலைவர் மகள் மட்டும் ஆடிக்கொண்டே உத்தரத்து வளையத்தை ஒரு தரம் பார்த்தாள். காண்டிராக்டர்களுக்கு ஏற்ற ஆட்டம். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

கீழே மரைக்காயர் கடை மூடியிருந்தது. கடைப் பையன்களுக்கு விடுமுறை என்று நினைத்தால், அவர் அஞ்சடியில் எனக்காகவே நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, கடற்கரைப் பக்கம் என் கிட்டங்கிக்குப் போங்க. உங்க டீச்சரம்மா அங்கதான்."

"அங்க என்ன, மரைக்காயரே?"

"அங்கயும் ஒரு வளையம் இருக்கு லா."

கிட்டங்கி என்கிற அந்தச் சரக்கறையில் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். பன்னிரண்டு கயிறும் தொங்கின. கறுப்பு இப்போது கங்காணி ஒருவர் மகளிடம் இருந்தது. சண்டை போட்டதாகத் தெரியவில்லை. அம்மை இறங்கிய பொற்கொல்லர் மகள் வந்திருந்தாள், அவளுக்கு வெள்ளை. மஞ்சள் அதே பெண்ணின் கையில். தலைவர் இல்லை, துரை இல்லை, சொற்பொழிவு இல்லை. லயத்திலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். தையற்காரர் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டு, வழக்கம் போலப் பேசாமல் சந்தோஷமாக இருந்தார்.

உட்காருவதற்குப் பெட்டிகளும் மூட்டைகளும்தான். நாற்காலி ஒன்றே ஒன்று. மரைக்காயருடைய கணக்கப்பிள்ளை நாற்காலி, கையும் முதுகும் வைத்தது. அதை முன்வரிசையில் நடுவில் போட்டு, அந்த அம்மாளை அதில் உட்கார வைத்திருந்தார்கள். அதே நீலப் புடவை. இப்போது மடிப்பு இல்லை.

அவளை எழுப்ப அங்கே ஒரு ஆள்கூடக் கிடையாது. கிட்டங்கிக்குச் சொந்தக்காரரே மிளகு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் அந்த நாற்காலியின் முன்பாதியில்தான் உட்கார்ந்திருந்தாள்; முதுகு சாயவில்லை, குதிகால் தரையில் படவில்லை, யாராவது வாயைத் திறந்தால் அந்த நொடியிலேயே எழுந்துவிடுகிற மாதிரி. பின்னல் விழுந்து, பிரிந்து, மறுபடி விழுந்து பிரிகிறவரை அப்படியே இருந்தாள். மகள் இரண்டு முறை கண்ணால் ஜாடை காட்டினாள், நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி. அவள் சிரித்தாள். சாயவில்லை.

நான் அந்த நாற்காலியின் மீதிப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்ன சொன்னாலும் என் ரத்தம் இன்றைக்கும் கொதிப்பது அந்த மீதிப் பாதிக்காகத்தான்.